மாதாவுக்குப் போன துடுப்பு

1963 பிப்ரவரி 14, வியாழன். மரக்காணம். ஐந்து மணிக்கு எழுந்தேன். உப்பளத்துக் கிணற்றில் முகம் கழுவிச் சவரம் செய்துகொண்டேன். பிறகு சென்னையை விட்டுப் புறப்பட்ட நாள் முதல் காலையில் செய்கிற வேலைகளை அதே வரிசையில் செய்தேன். திசைகாட்டியின் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்தேன். படகின் இருக்கைப் பலகையை வெயில் படும் பக்கம் திருப்பி வைத்தேன். கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக் காற்றின் திசையைப் பார்த்து எழுதினேன்: வடகிழக்கு, மெல்லிய காற்று. தெற்கே போகிறவனுக்கு இதைவிட நல்ல காற்று கிடைக்காது. எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். போவதற்குத் துடுப்பு இல்லை.

முந்தின நாள் மாலை கரை ஏறும்போது கடைசி அலை படகைக் குறுக்கே புரட்டியது. நான் மேலே வந்தேன். படகும் வந்தது. துடுப்பு மட்டும் இரண்டாக வந்தது.

என் படகு கட்டுமரமும் அல்ல, தோணியும் அல்ல. மரச்சட்டங்களைக் கோத்து, மேலே ரப்பர் பூசிய கித்தானை மாட்டினால் ஓர் ஆள் உட்காரும் ஒல்லியான படகாகிவிடும். கழற்றினால் இரண்டு பைகளில் அடங்கும். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. கயாக் என்பார் அவர். அதன் துடுப்புக்கு இரண்டு முனையிலும் அகன்ற தகடு உண்டு. இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். மீனவர்களின் ஒற்றைத் துடுப்பை இரவல் வாங்கி உப்பங்கழியில் போட்டுப் பார்த்தேன். படகு ஆட்டுரலில் கட்டியது போல அதே இடத்தில் சுற்றியது. நான் கோடியக்கரை வரை போக வேண்டும். மாசி முடிந்தால் தெற்கிலிருந்து காற்று எதிரே எழும்பிவிடும். என் விடுப்பும் அதோடு முடியும்.

இதே போல் இன்னொரு துடுப்பு இருந்தது. அது செஞ்சியில், சூசையிடம்.

சூசை என்னோடு ஒரே மேசையில் பதினோரு வருடம் வரைபடம் வரைந்தவன். படகை இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர் கழிமுகத்தில் மாறி மாறிப் பழகினோம். எங்கள் திட்டம் இதுதான்: ஒரு நாள் ஒருவன் கடலில் போவான், மற்றவன் பைகளில் துணிமணியை அடைத்துத் தூக்கிக்கொண்டு கரையோடு வருவான், மறுநாள் மாற்றிக்கொள்வோம். அதற்குள் சூசையின் தகப்பனார் இறந்துபோனார். நிலத்தைப் பார்க்க ஆள் இல்லாமல் அவன் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனான். போகும்போது, "போட்டு ஒங்கிட்ட இருக்கட்டும், ஒரு தொடுப்பு எங்கிட்ட இருக்கட்டும்" என்று படகை என்னிடம் விட்டு, இரண்டாவது துடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டான். இந்த வருடம் வா என்று எழுதினேன். மணிலா, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் சமயம், வர முடியாது என்று பதில் போட்டான். அதனால் நான் தனியே கிளம்பினேன். தனியே என்று முடிவான பிறகு அந்தச் சொல் எனக்குப் பிடித்துப் போனதையும் இங்கே எழுத வேண்டும். கோடியக்கரை வரை ஒரே ஆள், ஒரே படகு. வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது.

படகை உப்பளக் காவற்காரரிடம் ஒப்படைத்து, உடைந்த துடுப்பின் பெரிய பாதியை நீளம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திண்டிவனத்தில் மாறிய பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு மணிலா மூட்டை உட்கார்ந்திருந்தது. மூட்டைக்காரர் நின்றுகொண்டு வந்தார். கண்டக்டர் என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"இன்னா சார் இது? வெறகா?"

"துடுப்பு."

"செஞ்சியில ஏது சார் தண்ணி? மேல போடுங்க. இல்லன்னா அதுக்கும் ஒரு டிக்கெட்டு."

கூரையில் போட மனமில்லாமல் முழங்காலுக்கு நடுவே நிறுத்திக்கொண்டேன். பாதி வழியில் பஸ்ஸிலிருந்து ஆவி கிளம்பியது. டிரைவர் வாளியோடு இறங்கி ஏரிக்கரைப் பக்கம் போனார். இறங்கி நின்ற எல்லோரும் நிழலைத் தேட, ஒரு வயதான அம்மாள் மட்டும் என் துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. கூடையில் இரண்டு சேவல், காலைக் கட்டிப் போட்டது.

"இது நம்ம சூசை தொடுப்பு மாதிரியே இருக்குதே," என்றாள்.

"சூசையைத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? எங்க ஊர்ல கடல்ல போற ஆளு அவரு ஒருத்தருதானே."

கடலில் போகிற ஆள். வெயிலில் நின்றபடி அதை இரண்டு முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். எட்டு நாளாக என் தோளில்தான் தோல் உரிந்துகொண்டிருந்தது.

செஞ்சியில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கோட்டை மலைகளின் பாறைகள் பகல் முழுவதும் வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. எட்டு நாள் உப்புக் காற்றுக்குப் பிறகு அந்தக் காய்ந்த சூடு மூக்கில் ஏறியது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் பரோட்டா தின்றேன். சென்னையில் பரோட்டாவோடு கிடைக்கும் குருமா இங்கே இல்லை. மணிலாக்கொட்டை அரைத்த கெட்டிச் சட்னி வைத்தார்கள். நன்றாக இருந்தது. பிறகு சிங்கவரம் சாலையில் நடந்து, சூசையின் ஊருக்குப் பிரியும் மண்பாதையில் திரும்பினேன். பாதை நெடுகக் காகிதத் தோரணம். லூர்து மாதா திருவிழா கொடியேறி நடந்துகொண்டிருந்தது.

ஊர் முனையில் டீக்கடை. பெஞ்சில் இடமில்லாமல் தரையிலும் ஆட்கள். உள்ளேயிருந்து சூசையின் குரல் கேட்டது. நான் பின்னால் நின்றேன்.

"விடிஞ்சும் விடியாத நேரம். கோவளம் தாண்டிட்டோம். கடலு எண்ணெ ஊத்துன மாதிரி கெடக்குது. திடீர்னு பக்கத்துல ஒரு மூச்சு. புஸ்ஸுன்னு! பாத்தா ஓங்கல். மீனுதான், ஆனா மாட்டுக்கன்னு தண்டி. ஒன்னு ரெண்டு இல்ல, ஒம்போது. எண்ணிப் பாத்துட்டோம். எட்டு அதும்பாட்டுக்கு கெழக்கால போவுது. ஒன்னு மட்டும் கூட்டத்த உட்டுட்டு நம்ம போட்டுப் பக்கமே வருது. வந்து ஒரு கண்ணால பாக்குது. எப்பிடிப் பாக்குது? தாசில்தாரு மனுவப் பாப்பாரு இல்ல, பாத்தும் பாக்காத மாதிரி, அப்பிடிப் பாக்குது!"

கடையே சிரித்தது. ஒருவர் டீயைத் துண்டில் சிந்திக்கொண்டார்.

கரையேறிய ஒவ்வோர் ஊரிலிருந்தும் சூசைக்கு ஒரு அட்டை போட்டுவந்தேன். கோவளத்து அட்டையில் நான் எழுதியது: "ஓங்கல் கூட்டம். ஒன்பது. கிழக்கே சென்றன." அவ்வளவுதான். ஆனால் ஒன்று மட்டும் பிரிந்து என் பக்கம் வந்தது உண்மை. ஒரு கண்ணால் பார்த்ததும் உண்மை. அதை நான் யாருக்கும் எழுதவில்லை, நாட்குறிப்பில்கூட. செஞ்சிக்குப் பக்கத்தில் மணிலாக் கொல்லையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது எப்படித் தெரிந்தது? எனக்கு நடந்தது எனக்கு நடந்ததைவிட நன்றாக அவனுக்கு நடந்திருந்தது. வயிற்றில் ஏதோ புளித்தது. பரோட்டா என்று முதலில் நினைத்தேன்.

சூசை என்னைப் பார்த்துவிட்டான். ஆட்களைத் தாண்டி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டான். "டேய் ராகவா! உசுரோட வந்துட்டியா!"

"யாரு சூசண்ணே இவரு?"

"இவருதான்யா என் கூட்டாளி. சொல்லலியா, மெட்ராஸு."

டீயைச் சிந்தியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓ, கரையில பையத் தூக்கினு வர்றாரே, அவரா?"

சூசையின் முகம் சிவந்தது. அவன் பொய் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கு அது வராது. பழைய திட்டத்தைச் சொல்லியிருப்பான், பிறகு கதை முழுவதும் 'நாங்க, நாங்க' என்றே சொல்லியிருப்பான். கேட்டவர்கள் யார் கடலில், யார் கரையில் என்று தாங்களே பங்கு பிரித்துக்கொண்டார்கள். சொல்கிறவன் வாயில் இவ்வளவு கடல் இருக்கும்போது அவன் கரையில் நடந்திருப்பான் என்று யார் நினைப்பார்கள்?

"இல்லய்யா, கடல்ல போனது இவன்தான்," என்றான் சூசை. "கேளுங்க, இவனே சொல்லுவான். தொடுப்பு எப்பிடிடா ஒடஞ்சுது?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சொன்னேன். காற்று வடகிழக்கு. அலையின் உயரம் ஐந்தடிக்குக் குறையாது. கரைக்கு நாற்பது கஜம் இருக்கும்போது படகின் பின்பக்கம் இடமாகத் திரும்பியது. நானும் இடது பக்கம் சாய்ந்தேன். துடுப்பு நடுவே, பித்தளைக் குழாய் மாட்டிய இடத்துக்கு ஒரு சாண் மேலே முறிந்தது. நான் சொன்னதில் ஒரு சொல் தவறில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் பணிவாகக் கேட்டார்: "அப்பறம்?"

"அப்புறம் கரை ஏறினேன்."

டீயைச் சிந்தியவர், "நீ சொல்லு சூசண்ணே," என்றார்.

வீட்டில் சூசையின் மனைவி மேரி கேழ்வரகுக் களியும் கோழிக் குழம்பும் போட்டாள். சென்னையில் எனக்குக் களி இறங்காது. அன்று இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கினேன். கை கழுவிவிட்டு உடைந்த பாதியைச் சுவரில் சாய்த்து வைத்து, "இதோட ஜோடியைக் கொடு. நாளைக்கே கிளம்பிடறேன்," என்றேன்.

சூசை மனைவியைப் பார்த்தான். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"அத்த மாதாவுக்குக் குடுத்துட்டாருண்ணே," என்றாள்.

"யார்?"

"வேற யாரு? ஒங்க அட்ட நாலு நாளா வரல. இவரு சோறு திங்கல. கெணத்து மேட்டுல போய் நின்னுனு கெழக்கால பாக்குறாரு. இங்கேருந்து கடலு தெரியுமா? நாலாம் நாளு எழுந்தாரு, தொடுப்ப தூக்கினு நேரா கோயிலுக்குப் போயிட்டாரு. மாதாவே, ஆளக் காப்பாத்து, இத்த ஒனக்குக் குடுத்துட்டேன்னு. மறுநாளு ரெண்டு அட்ட ஒன்னா வந்துது."

"பிரார்த்தனை பலித்த பிறகு கொடுப்பதுதானே முறை?" என்றேன்.

"நானும் அதத்தான் கேட்டேன். மொதல்லயே குடுத்தா மாதாவுக்கு மறக்காதுங்கறாரு."

என் உயிருக்காக என் துடுப்பைக் கொடுத்திருக்கிறான். கோபப்பட வழியில்லை. கோபப்பட முடியாததே அன்று எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. என் தெருவில் இருபத்து மூன்று வீடு. நான் எட்டு நாள் கடலில் இருந்தபோது அங்கே யார் சோறு தின்னாமல் இருந்தார்கள்? என் மனைவி மாமல்லபுரத்துக்கு எழுதிய அட்டையில், மோர்மிளகாய் தீர்ந்துவிட்டதா என்று கேட்டிருந்தாள். அது அன்புதான்.

பிப்ரவரி 15, வெள்ளி. காலைப் பூசை முடிந்ததும் இருவரும் கோயிலுக்குப் போனோம். மாதா சிலை நிற்கும் குகையான கெபிக்குப் பக்கத்தில் கம்பியில் நிமிர்த்திக் கட்டியிருந்தது என் துடுப்பு. நடுவில் மல்லிகைச் சரம். இரண்டு தகட்டிலும் சந்தனம். ஒரு பெண் தன் குழந்தையின் நெற்றியை அதில் ஒற்றி எடுத்தாள். இந்தப் பக்கத்தில் கொல்லைக்குக் கொல்லை கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய கிணறுகள். பிள்ளைகள் விழுந்துவிடுமோ என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. தண்ணீரில் போனவனைக் காப்பாற்றிய துடுப்பு தங்கள் பிள்ளையையும் காப்பாற்றும் என்று ஊர் முடிவு செய்திருந்தது.

பங்குச் சாமியார் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுச் செபப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். நான் என் பயணத்தையும் காற்றையும் விடுப்பையும் வரிசையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சாமான் யாரோடது?"

"பாதி சூசையுடையது, பாதி என்னுடையது."

"எந்தப் பாதிய மாதாவுக்குக் குடுத்தேன்னு சூசை சொல்லலியே," என்றார். சூசை தலையைச் சொறிந்தான். "மாதாவுக்கு வந்தது மாதாவோடதுதான். ஆனா ஞாயித்துக்கெழம பூசைக்கு அப்பறம் காணிக்கையெல்லாம் ஏலத்துக்கு வரும். ஆடு, கோழி, பூசணிக்காய் எல்லாம். தொடுப்பும் வரும். யாரு வேணா கேக்கலாம். நீங்களும் கேளுங்க."

பிற்பகலில் செஞ்சிக் கடைத்தெருவில் வண்டிப் பட்டறைக்குப் போய்ப் புதிதாகச் செய்ய முடியுமா என்று விசாரித்தோம். பட்டறைக்காரர் உடைந்த பாதியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"இது மரமா, முருங்கக்காயா? எங்கிட்ட கருவேலந்தான் இருக்குது. அதுல செஞ்சா, இத்தத் தூக்குறதுக்கு நீங்க தனியா ஒரு ஆளு வெக்கணும்."

"சீக்கிரம் ஆகுமா?"

"நொகத்தடின்னா நாளைக்கே தரேன். மாடு இருக்குதா?"

பிப்ரவரி 16, சனி. செய்வதற்கு ஒன்றுமில்லாத நாள் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. சூசை என்னைச் சைக்கிளின் பின்னால் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். வழியில் எதிர்ப்பட்ட எல்லோரும் அவனிடம் ஒரு வார்த்தை பேசினார்கள். "மோட்டார் ஓடுதா சூசண்ணே?" "கரண்ட் வந்தாத்தானே." "மாமா, எங்க வூட்டாண்ட வந்துட்டுப் போ." பதினோரு வருடம் என் எதிரே உட்கார்ந்து, கோடு கோணலாகப் போடுவதாக மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய அதே சூசைதான்.

கிணற்று மேட்டில் உட்கார்ந்ததும் உடைந்த பாதியைக் கேட்டு வாங்கினான். நான் அதை விட்டுப் பிரியாமல் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். முறிந்த இடத்தை மூக்கருகே வைத்து மோந்தான்.

"உப்பு," என்றான். பிறகு, "அல எந்தப் பக்கம் வந்துது? நீ எந்தப் பக்கம் சாஞ்ச?"

"அதுதான் சொன்னேனே. பின்பக்கம் இடமாகத் திரும்பியது. நானும் இடது பக்கம் சாய்ந்தேன்."

"கரைப் பக்கமா? அலைக்குள்ள இல்ல சாயணும்? எண்ணூருலயே சொன்னேனே. நீ எப்பவும் அலையப் பாத்தா அந்தாண்ட ஒதுங்குவ."

அவன் சொன்னது சரி. எண்ணூரில் படகை அவன் கால்சட்டை போட்டுக்கொள்வது போல மாட்டிக்கொள்வான். நான் ஏணியில் இறங்குவது போல இறங்குவேன். வரைபடமும் நேரக் கணக்கும் என்னுடையவை, தண்ணீர் அவனுடையது. அது இருவருக்கும் தெரியும். ஆனால் கடலுக்கு வந்தவன் நான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே, கிணற்றுக்குள் பார்த்தபடி, சொன்னான்:

"நீ போறடா. எனக்கு வயித்தெரிச்சலா இருக்குது."

எனக்கும்தான் என்று சொல்லவில்லை. மணிலாச் செடி ஒன்றைப் பிடுங்கி, பச்சைக் கொட்டையை உரித்து அவனுக்குக் கொடுத்தேன். நானும் தின்றேன்.

பிப்ரவரி 17, ஞாயிறு. கோயில் முற்றத்தில் நாலு ஊர் ஜனம். பஸ்ஸில் வந்த அம்மாளின் இரண்டு சேவலும் முதலில் ஏலம் போயின. ஏலம் விட்டவர் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார், ஒல்லியான மனிதர், குரல் மட்டும் பெரியது. ஒரு பூசணிக்காயை மாமனும் மச்சானும் போட்டி போட்டு ஆட்டு விலைக்கு ஏற்றினார்கள். இங்கே ஏலம் கேட்பது சாமானுக்காக அல்ல, பக்கத்தில் நிற்பவனுக்காக என்று அப்போது புரிந்தது.

துடுப்பை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவரே தூக்கலாம். மரியாதைக்காக இரண்டு பேர்.

"மாதா தொடுப்பு! கடல்ல போன ஆளக் கரையில சேத்த தொடுப்பு! யாரு கேக்குறது?"

நான் கையைத் தூக்கித் தொகையைச் சொன்னேன். உடனே என் பின்னாலிருந்து ஒரு குரல் அதை ஏற்றியது. பக்கத்து ஊரான அனந்தபுரத்து மணிலா வியாபாரி ஒருவர். தங்கச் செயின், வெள்ளை வேட்டி. அவருடைய பேரன் கார்த்திகை மாதம் கிணற்றில் விழுந்து பிழைத்தானாம். துடுப்பை வீட்டு வாசலுக்கு மேலே மாட்டப் போகிறாராம். நான் ஏற்றினேன். அவர் ஏற்றினார். எங்கள் இருவருக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு குரல் எழுந்தது.

"நான் கேக்குறேன்," என்றான் சூசை.

முற்றம் முழுவதும் சிரிப்பு. மேரி பெண்கள் பக்கத்திலிருந்து கத்தினாள்: "இன்னா மனுசன்யா நீ! குடுத்ததும் நீ, கேக்குறதும் நீயா?"

"நீ சும்மா இரு. மாதாவுக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கும்."

நான் அவன் கையைப் பிடித்து, "எனக்காக நீ கேட்க வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்," என்றேன்.

கையை விடுவித்துக்கொண்டான். "ஒனக்கா கேக்குறேன்னு யாரு சொன்னது?"

அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. வியாபாரி இன்னும் இரண்டு முறை ஏற்றிவிட்டு, எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு விலகினார். பிறகு நானும் சூசையும்தான். அவன் சொல்ல நான், நான் சொல்ல அவன். தொகைகளை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஊர் மொத்தமும் தாளம் போட்டது. "உடாத சூசண்ணே!" "மெட்ராஸ உடாத!" "கடல்ல போறவனுக்குத்தான் தொடுப்பு, கேளு சூசண்ணே!" டீக்கடைக்காரர் துண்டைச் சுழற்றினார். எனக்காக ஒரு குரல்கூட எழவில்லை. நான் எண்பது மைல் கடலைத் தாண்டி வந்தவன். அந்த முற்றத்தில் நின்று, ஒரே ஒரு ஆள் என் பேரைச் சொல்லிக் கத்த மாட்டானா என்று காத்திருந்தேன்.

உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை. பெருந்தன்மையால் அல்ல. அந்தக் கூச்சலை எதிர்த்து என் குரல் எழும்பவில்லை.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! சூசைக்கு!"

ஏலம் எடுத்தவர் அந்தச் சாமானைத் தோளில் வைத்துக் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். சூசை சுற்றினான். பின்னால் பிள்ளைகள், மேளம். நான் நிழலில் நின்று, மரக்காணத்திலிருந்து சென்னைக்குத் திரும்பும் பஸ்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். காற்று அன்றும் வடகிழக்கு.

சுற்றி முடித்து நேராக என்னிடம் வந்தான். வேர்த்திருந்தான். துடுப்பைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"கேளு. கடலு வரைக்கும் இத்த நான்தான் தூக்கினு வருவேன்."

"பிறகு?"

"போட்டுல ஒரு தடவ நான் ஒக்காரணும். ஒரே ஒரு தடவ. அலையத் தாண்டிப் போயிட்டு வந்துடறேன். அப்பறம் ஒன்னுது. கோடியக்கரைக்குப் போ, சிலோனுக்குப் போ."

"இது தனியாள் பயணம், சூசை. வேறு யாரும் உட்காரக் கூடாது என்று வைத்திருக்கிறேன்."

"யாரு வெச்சது?"

"நான்தான்."

"பாதி போட்டு என்னுது," என்றான். "நீ எந்தப் பாதியில ஒக்காந்துனு போன?"

துடுப்பு அவன் தோளில் இருந்தது. அது இல்லாமல் மற்ற எதுவும் இல்லை. சரி என்றேன். சொன்ன குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பிப்ரவரி 18, திங்கள். அதே கண்டக்டர். இந்த முறை முழுத் துடுப்பு. என்னிடம் கேட்டது போல வெறகா என்று கேட்கவில்லை. "மாதா தொடுப்பா சூசண்ணே?" என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தானே இருக்கைக்கு மேலே கம்பியில் கட்டிவிட்டார். டிக்கெட்டு கேட்கவில்லை. நான் என் டிக்கெட்டை மடித்து நாட்குறிப்புக்குள் வைத்தேன்.

திண்டிவனத்தில் பஸ் மாறியபின் சூசை பேச்சை நிறுத்திவிட்டான். மரக்காணம் நெருங்க நெருங்க ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக் காற்றை மோந்துகொண்டு வந்தான். உப்பளத்தின் வெள்ளை வரிசைகளுக்கு அப்பால் நீலக்கோடு தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டான். பஸ் நிற்க இன்னும் ஒரு மைல் இருந்தது.

படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. காவற்காரர் அதன்மேல் தென்னங்கீற்று போட்டு மூடி வைத்திருந்தார். சூசை ஒவ்வொரு சட்டமாகத் தொட்டுப் பார்த்தான். எண்ணூரில் அவன் தன் பேரைக் கத்தியால் கீறிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தான். நான் அதன்மேல் வார்னிஷ் பூசியிருந்தேன். எழுத்து மறையவில்லை. மீன் குழம்பும் சோறும் தின்றுவிட்டுப் படுத்தோம்.

பிப்ரவரி 19, செவ்வாய். ஐந்து மணிக்கு எழுந்தேன். சவரம் செய்யவில்லை. திசைகாட்டியைத் துடைக்கவில்லை. கைக்குட்டையைத் தூக்கிப் பிடிக்கவில்லை. வெயில் வந்ததும் முதல் காரியமாக, முழங்கால் தண்ணீரில் நின்று, சூசை ஏறும்வரை படகைப் பிடித்துக்கொண்டேன். அவன் எண்ணூரில் போலவே, கால்சட்டை போட்டுக்கொள்வது போல, உள்ளே இறங்கினான். சந்தனம் இன்னும் போகாத துடுப்பைக் குறுக்கே வைத்துக்கொண்டு அலைகளைப் பார்த்தான். ஒன்றை விட்டான். இன்னொன்றையும் விட்டான். பிறகு, "உடு," என்றான்.

விட்டேன். நான் ஒவ்வோர் ஊரிலும் மூன்று முறை திரும்பத் திரும்ப முயன்று தாண்டியது போன்ற அலை வரிசையை அவன் ஒரே முறையில், அலைக்குள் சாய்ந்து, தாண்டினான். தாண்டியதும் ஒரு சத்தம் போட்டான். வார்த்தை அல்ல. அந்தச் சத்தத்தை இந்தப் பயணத்தில் நான் ஒருமுறைகூடப் போட்டதில்லை.

திரும்பி வருவான் என்று அவன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் திரும்பவில்லை. படகின் மூக்கு மெதுவாகத் தெற்கே திரும்பியது. துடுப்பின் தகடுகள் இடம் வலமாக வெயிலில் மின்னின.

உப்பளத்துக்கு வேலைக்கு வந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். "யாரு சார் அது போறது?"

"சூசை," என்றேன். "செஞ்சிக்காரர். அவர் படகு."

"அப்ப நீங்க?"

அவன் ஏற்கெனவே சவுக்குத் தோப்பைத் தாண்டிக்கொண்டிருந்தான். நான் இரண்டு பைகளையும் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். செருப்பைப் பையின் வாரில் செருகினேன்.

"நான் கரையில் பை தூக்கிக்கொண்டு வருகிறவன்," என்று சொல்லிவிட்டு, ஈர மணலில் தெற்கே நடக்க ஆரம்பித்தேன்.